கல்லைச் சுற்றாதீர்கள், கையை நீட்டாதீர்கள்: கிர்கெனெஸ் கேள்வி-பதில்

நார்வேயின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையிலிருந்து கால் மணி நேர கார் தூரத்தில் இருக்கிறது கிர்கெனெஸ். ஊரில் சுமார் 3,500 பேர்தான். துருவ வட்டத்துக்கு 400 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இந்த ஊருக்குப் போக நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வரைபடத்தில் பார்த்தால் கிர்கெனெஸ் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது. நார்வே மேற்கு ஐரோப்பா அல்லவா? வரைபடம் தப்பா?
– சேலம் வாசகர்

வரைபடம் சரிதான். ஊர் இருப்பது 30 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். ஆனால் கடிகாரம் ஓஸ்லோவின் நேரத்தையே காட்டும். இந்த முரண்பாடு பயணத் திட்டத்தை நேரடியாகப் பாதிக்கும். குளிர்காலத்தில் இங்கே உச்சிவேளை 12 மணிக்கு அல்ல, 11 மணிக்கே வந்துவிடுகிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மத்தி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அதற்காக முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் நடுவில்கூடக் காலை ஒன்பது மணி வாக்கிலிருந்து மதியம் ஒரு மணி வரை நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு மங்கல் வெளிச்சம் உண்டு. விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குக் கிளம்புகிறவர்கள் பாதி வெளிச்சத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். காலை உணவை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள்.

எப்படிப் போவது? ரயில் உண்டா? விசா எந்த நாட்டிடம் கேட்பது?
– கோவை வாசகி

பயணிகள் ரயில் இல்லை. ஊரில் தண்டவாளத்தைப் பார்ப்பீர்கள். அது பியோர்னெவாட்ன் சுரங்கத்திலிருந்து இரும்புத் தாது கொண்டுவரப் போட்டது.

வழிகள் மூன்று. ஓஸ்லோவிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். பெர்கன் நகரிலிருந்து கரையோரக் கப்பலில் ஆறு இரவுகள். ஏழாம் நாள் காலை கிர்கெனெஸ், அதுதான் கடைசித் துறைமுகம். மூன்றாவது பின்லாந்து வழி: ரோவனியெமி வரை ரயில், அங்கிருந்து இவாலோ, இனாரி, செவெத்திஜார்வி, நைடென் வழியாகச் சாலையில் 500 கிலோமீட்டருக்கு மேல். நார்வே, பின்லாந்து இரண்டுமே ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடுகள் என்பதால் நடுவில் குடியேற்றச் சோதனை வழக்கமாக இருக்காது. சுங்கச் சோதனை வேறு. மது, புகையிலை, உணவுக்கு வரம்பு உண்டு.

விசாவில் பலர் சறுக்கும் இடம் இது. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘கனவே கிர்கெனெஸ்தான்’ என்றாலும், பின்லாந்தில் ஐந்து இரவும் நார்வேயில் இரண்டு இரவும் என்றால் விண்ணப்பம் பின்லாந்துக்கு. இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாடு. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விசாக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கப்பலில் போகிறோம். கிர்கெனெஸில் மூன்றரை மணி நேரம்தான் நிற்குமாம். என்ன பார்க்கலாம்?
– மதுரைத் தம்பதி

வழக்கமாகக் காலை 9 மணி வாக்கில் வந்து 12.30-க்குக் கிளம்பும். கப்பல் துறை ஊர் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம், பனி உறைந்திருந்தால் இன்னும் கூட. இந்த நேரத்துக்குள் எல்லைக்கும் போய் ஊரையும் பார்ப்பது நடக்காது. எல்லையை விட்டுவிடுங்கள் என்பது எங்கள் யோசனை.

ஆண்டர்ஸ்குரோட்டா குகைக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இவ்வூர் மீது 300-க்கும் மேற்பட்ட விமானத் தாக்குதல்கள் நடந்தன. பக்கத்தில் இருந்த சோவியத் துறைமுகமான மூர்மான்ஸ்கைப் பிடிக்க முயன்ற ஜெர்மன் படைக்கு இந்த ஊர்தான் கிடங்கு. அப்போது ஊர்மக்கள் பதுங்கிய பாறைச் சுரங்கம்தான் ஆண்டர்ஸ்குரோட்டா. உள்ளே கோடையிலும் குளிரும், மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அருகிலுள்ள சோவியத் வீரர் நினைவுச்சின்னம். 1944 அக்டோபர் 25 அன்று சோவியத் ராணுவமான செம்படை இவ்வூரை விடுவித்தது. நேட்டோ நாடு ஒன்றில் ரஷ்ய வீரனுக்குச் சிலை ஏன் என்ற கேள்விக்கு அதுதான் பதில். பின்வாங்கிய ஜெர்மானியர்கள் எரித்துவிட்டுப் போனதால் ஊரில் பழைய கட்டடம் என்று சொல்ல மிகச் சிலவே மிச்சம். அந்தக் கடைசி வாரங்களில் பியோர்னெவாட்ன் சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒளிந்திருந்தார்கள். பத்துக் குழந்தைகள் அங்கேயே பிறந்தன.

நேரம் மிஞ்சினால் எல்லைப்புற அருங்காட்சியகம். ஏரியிலிருந்து தூக்கிய இல்யூஷின்-2 போர் விமானம் அங்கே நிற்கிறது. தெருப் பெயர்ப் பலகைகளில் நார்வேஜிய எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்தும் இருப்பதை நடக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லையை நேரில் பார்க்க ஆசை. எங்கே போகலாம், என்ன செய்யக் கூடாது?
– திருச்சி வாசகர்

இரண்டு இடங்கள். ஸ்டோர்ஸ்கோக் சாவடி ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் இடையே சட்டப்படியான ஒரே தரைவழி இதுதான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை: ஒரு தடுப்பு, ஒரு கட்டடம், அறிவிப்புப் பலகைகள்.

இரண்டாவது, கிரென்சே யாகோப்செல்வ். சுமார் 60 கிலோமீட்டர். சாலை கடைசிப் பகுதியில் எல்லை ஆற்றை ஒட்டியே ஓடிப் பேரன்ட்ஸ் கடலில் முடிகிறது. குளிர்காலத்தில் அந்தக் கடைசிப் பகுதி மூடப்படும், ஆகவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் போகலாம். அங்கே கடலோரம் தனியாக நிற்கும் கல் தேவாலயம் 1869-ல் கட்டியது. எல்லை தாண்டி மீன் பிடிக்க வந்த ரஷ்யர்களைத் தடுக்கப் பீரங்கிப் படகு அனுப்பலாமா என்று யோசித்து, கடைசியில் ‘இது எங்கள் மண்’ என்று சொல்ல ஒரு கோயிலைக் கட்டினார்கள். 1826-ல் கோடு கிழித்தபோது எதிர்மாறாக ஒன்று நடந்தது. பாஸ்விக் ஆறுதான் எல்லை என்றாலும், நார்வே பக்கக் கரையில் போரிஸ் கிளெப் என்ற ரஷ்யத் தேவாலயம் இருந்ததால் அதைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு ரஷ்யாவுக்கே விடப்பட்டது. சாமியை வைத்து எல்லை பேசுவது நமக்கும் புதிதல்லவே!

இனி விதிகள். நார்வேயின் கம்பம் மஞ்சள், உச்சி கறுப்பு. ரஷ்யக் கம்பம் சிவப்பும் பச்சையும். இவை ஜோடியாக நிற்கும். எல்லைக்கோடு எந்தக் கம்பத்திலும் இல்லை. இரண்டுக்கும் சரி நடுவே, தரையில் எந்த அடையாளமும் இன்றி இருக்கிறது. தவறு நடப்பது இங்கேதான். மஞ்சள் கம்பத்தைத் தாண்டி ‘ரஷ்யக் கம்பம்தானே எல்லை’ என்று இரண்டு எட்டு வைத்தால், நீங்கள் ஏற்கெனவே ரஷ்யாவில். வேலி இல்லையே, யாரும் இல்லையே என்று எண்ண வேண்டாம். கேமராக்கள் இருக்கின்றன, நார்வே ராணுவத்தின் எல்லைக் காவலர்களும் ரோந்து வருகிறார்கள். 2021-ல் மறுபுறம் கையை மட்டும் நீட்டிய ஒருவருக்கு 8,000 குரோனர் அபராதம் விழுந்தது.

கடப்பது மட்டுமல்ல, வேறு சிலவும் குற்றம். எந்தப் பொருளையும் அந்தப் பக்கம் எறியக் கூடாது. குழந்தைகளுடன் போகிறவர்கள் இதைக் காரிலேயே சொல்லி வையுங்கள். ஆற்றைக் கண்டதும் கூழாங்கல்லை எடுத்துத் தவளைக்கல் விடுவது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இயல்பு. யாகோப்செல்வ் ஆறு சில இடங்களில் குறுகலானது, கல் எளிதாக எதிர்க்கரைக்குப் போய்விடும். எதிர்க்கரையில் ஆள் தெரிந்தால் கூப்பிடுவது, பேச்சுக் கொடுப்பது, கேலிச் சைகை காட்டுவது எதுவும் கூடாது, டாட்டாவும் வேண்டாம். ராணுவ வீரர்களையும் காவல் கோபுரங்களையும் படம் எடுக்காதீர்கள், நார்வே பக்கமாக இருந்தாலும் சரி. நீளமான லென்ஸும் ட்ரோனும் அறையிலேயே இருக்கட்டும். குளிர்காலத்தில் ஆறும் ஏரியும் உறைந்து எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அப்போது கரை எது, ஆற்றின் நடு எது என்று கண்ணுக்குத் தெரியாது. எல்லை ஆற்றுப் பனியில் இறங்கவே வேண்டாம்.

மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் நின்று படம் எடுக்க முடியுமா?
– நாகர்கோவில் வாசகர்

முடியும், ஒரு பக்கமாக நின்று. பாஸ்விக் பள்ளத்தாக்கின் தென்கோடியில், ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய், கிரென்செஃபாஸிலிருந்து காட்டுப் பாதையில் ஒரு வழிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். தரை பல இடங்களில் சதுப்பு. ரப்பர் பூட்ஸ் நல்லது. நார்வேயில் பழுப்புக் கரடிகள் நெருக்கமாக வாழும் பகுதி இது, பேசிக்கொண்டே நடங்கள். போய்ச் சேர்ந்தால் ஒரு கற்குவியல். நம்மவர்களுக்கு உள்ள ஆபத்து வேறு: பிள்ளையாரைக் கண்டதுபோல் ஒரு சுற்று வந்துவிடத் தோன்றும். சுற்றினால் ரஷ்ய மண்ணை மிதித்தாயிற்று, குற்றம் முடிந்தது. பிரதட்சிணம் இல்லாத தரிசனம்தான்.

அங்கே செல்போன் நேரம் தானாக மாறிவிடும் என்கிறார்களே?
– சென்னை வாசகி

உண்மை. இதனால் கப்பலையும் விமானத்தையும் பற்றிய கணக்குத் தப்பிவிடும். குளிர்காலத்தில் நார்வேயில் பகல் 12 என்றால் பின்லாந்தில் 1 மணி, ரஷ்யாவில் 2 மணி. ரஷ்யா கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே கோடையில் நார்வே 12 என்றால் மற்ற இரண்டிலும் 1 மணி. எல்லையோரச் சாலைகளில் நார்வே சிக்னல் வலுவிழக்கும் இடத்தில் போன் எதிர்ப்பக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே திரையில் நேரம் மாறும். இரண்டாவது அடி பில்லில். நீங்கள் வாங்கிய ரோமிங் திட்டம் ஐரோப்பாவுக்கு மட்டும் என்றால் ரஷ்யக் கோபுரத்தில் ஓடும் டேட்டாவுக்குத் தனிக் கணக்கு.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மூன்று வேலை: நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி நார்வே நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள், நேர மண்டலத்தை ‘ஓஸ்லோ’ என்று நிலைநிறுத்துங்கள், வரைபடத்தை முன்னதாக இறக்கி வையுங்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டால் இதெல்லாம் பாதி வேலைதான்.

அவ்வளவு தூரம் போய்விட்டு மூர்மான்ஸ்க் போகாமல் வருவதா?
– ஈரோடு வாசகர்

220 கிலோமீட்டர்தான். ஆனால் தூரம் அல்ல சிக்கல். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவில் ரஷ்யாவுக்குள் போனால் அந்த விசா அங்கேயே முடிந்தது. திரும்பி வர வழியில்லை. ரஷ்யாவுக்கு வெளியே தந்த விசா (Visa), மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. மாற்று வழியாகப் பின்லாந்து பக்கம் திரும்பலாம் என்றால், அந்நாடு 2023 கடைசியில் ரஷ்யாவுடனான தரைவழிச் சாவடிகளை மூடிவிட்டது. ஸ்டோர்ஸ்கோக்கை நடந்து கடக்கவும் அனுமதி இல்லை. 2015-ல் தஞ்சம் தேடி இவ்வழியாக வந்த சுமார் 5,500 பேரில் பலர் சைக்கிளில் வந்ததற்குக் காரணமே அதுதான். சுற்றுலாவுக்கு இப்போது வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

டிசம்பரில் பிள்ளைகளோடு போகிறோம். என்ன உடை எடுத்துக்கொள்வது?
– பெங்களூரு வாசகி

ஊரில் மைனஸ் 10, 15 சகஜம். உள்நாட்டுப் பக்கமான பாஸ்விக்கில் மைனஸ் 30-ம் வரும். ஒரு பெரிய கோட்டை நம்புவதைவிட மூன்று அடுக்கை நம்புங்கள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, ஆளுக்கு இரண்டு செட். நடுவில் தடித்த கம்பளி அல்லது ஃப்ளீஸ். வெளியே காற்றுப் புகாத மேலுடை. பருத்தி பனியன் மட்டும் கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நடந்து நின்றதும் அந்த ஈரமே உடம்பை நடுங்க வைக்கும்.

கால் குளிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் சாக்ஸ் போதாதது அல்ல, ஷூ இறுக்கமானது. காலைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் வெதுவெதுப்பு நிற்கும். ஒரு அளவு பெரிய ஷூ, ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ். பிள்ளைகளுக்கு விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் பை போன்ற கையுறை சூடு தரும். நம் ஊர்க் குரங்குக் குல்லாய் இங்கே முழு மரியாதைக்குரியது, கூச்சப்படாமல் எடுத்துப் போங்கள்.

இரண்டு சின்னப் பொருள்களை அங்கே போய் முதல் நாளே வாங்குங்கள். ஒன்று, ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை. பயணிகளுக்குக் குளிரைவிட அதிகத் தொல்லை தருவது வழுக்கி விழுவதுதான். லேசாக உருகி மறுபடி உறைந்த நடைபாதை கண்ணாடிபோல் இருக்கும். இன்னொன்று, கோட்டில் தொங்கவிடும் ஒளி எதிரொளிப்பான் வில்லை. இருட்டில் நடக்கும்போது கார் ஓட்டுநருக்கு உங்களைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கேமராவை வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவருமுன், குளிரிலேயே ஒரு ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் வியர்க்கும். உபரி பேட்டரி சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

சைவம் கிடைக்குமா? நண்டுச் சவாரி என்று ஒன்று விளம்பரம் பார்த்தேன், அது என்ன?
– கும்பகோணம் வாசகர்

சைவத்துக்குச் சமையலறை உள்ள தங்குமிடம் எடுப்பதே வழி. அரிசி, பருப்பு, உறைந்த காய்கறி, தயிர் எல்லாம் பேரங்காடியில் கிடைக்கும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் கூடாது. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவரத் தடை. தாளிக்கும்போது மட்டும் கவனம். மிளகாய் கருகும் புகைக்கு அறையின் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். சில கட்டடங்களில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சியை முழு வேகத்தில் வைத்து, எண்ணெய் புகையுமுன் கடுகைப் போடுங்கள், வற்றலைக் கடைசியில்.

நண்டு என்றால் ராஜ நண்டு. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் தூரக் கிழக்கிலிருந்து கொண்டுவந்து பேரன்ட்ஸ் கடலில் விட்டது, பரவி நார்வேக் கரைக்கும் வந்துவிட்டது. கால்களை விரித்தால் ஆள் உயரத்துக்கு, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். குளிர்காலத்தில் உறைந்த கடற்கழியின் மேல் பனி வண்டி இழுக்கும் சறுக்கு வண்டியில் அழைத்துப்போய், பனிக்கட்டியில் துளையிட்டு இறக்கிய கூண்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு கால்களை மட்டும் பிரித்து ஆவியில் வேகவைத்துப் பரிமாறுவார்கள். நன்றாக எண்ணுங்கள்: கொடுக்கைச் சேர்த்து எட்டுக் கால்தான் வெளியே தெரியும். கடைசி ஜோடி குட்டையாக ஓட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். நம் ஊர் நண்டுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அது. மசாலா எதிர்பார்க்காதீர்கள். ரொட்டி, வெண்ணெய், எலுமிச்சை, அவ்வளவுதான். குளிர் உடுப்பை அவர்களே தருவார்கள். உள்ளே கம்பளி மட்டும் உங்களுடையது.

அம்மா அப்பா யாழ்ப்பாணத்திலயிருந்து வருகினம், இரண்டு பேருக்கும் எழுபது வயது தாண்டிற்றுது. துருவ ஒளியும் காட்ட வேணும், வழுக்கி விழவும் கூடாது. எந்த மாதம் நல்லது?
– ஒஸ்லோ வாசகர்

செப்டம்பர் முதல் பாதி. இரவு போதுமான அளவு இருட்டிவிடும், தரை இன்னும் உறைந்திருக்காது, கொசு ஓய்ந்திருக்கும், யாகோப்செல்வ் சாலையும் திறந்திருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகும் காலமும் அதுவே. மே மத்தியிலிருந்து ஜூலை கடைசி வரை நள்ளிரவுச் சூரியன், அப்போது துருவ ஒளி தெரிய வாய்ப்பே இல்லை. மார்ச்சும் நல்ல மாதம்தான், ஆனால் பனித்தரை. குறைந்தது மூன்று இரவு ஒதுக்குங்கள். இவ்வளவு வடக்கே ஒளி பலவீனமாக இருக்கும் நாளிலும் தெரியும், தடுப்பது மேகம்தான். ஆகவே துருவ ஒளிச் செயலியைவிட மேகப் படத்தைப் பாருங்கள்.

ஒரு நாள் நைடெனுக்குக் கூட்டிப்போங்கள். ஸ்கோல்ட் சாமி என்ற பழங்குடி மக்களின் மிகச் சின்ன மரத் தேவாலயமும் அருங்காட்சியகமும் உண்டு. அருவியில் சால்மனுக்கு வலை வீசிப் பிடிக்கும் பழைய முறை ஒன்று அங்கே உரிமை உள்ள ஊர்க்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. அது ஜூலையில்தான். 1980-கள் முதல், கிர்கெனெஸ் அடங்கிய ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோர மீன் ஆலைகளில் ஈழத் தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்பதை ஒஸ்லோக்காரரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் அங்கே இருந்திருந்தால் எந்தக் கடற்கரைக்கு அவர்களைக் கூட்டிப்போகலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா?
– திருநெல்வேலி வாசகர்

எடுக்கலாம். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச அனுமதியும் இருக்கட்டும். பகலிலும் முகப்பு விளக்கு கட்டாயம். குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர் உள்ள காராகக் கேளுங்கள். எஞ்சினைச் சூடாக்கும் மின் கம்பி தந்தால் இரவு அதைச் செருகி வையுங்கள். கலைமான் ஒன்று சாலையைக் கடந்தால் நின்றுவிடுங்கள், பின்னால் இன்னும் வரும். மோதிவிட்டால் போலீசுக்குச் சொல்லாமல் போவது குற்றம். சாலை மூடலுக்கு 175, ஆம்புலன்ஸுக்கு 113, போலீசுக்கு 112, தீயணைப்புக்கு 110.

விமான நிலைய அறிவிப்பில் ‘ஷிர்கெனெஸ்’ என்கிறார்களாம். வேறு ஊரா?
– புதுச்சேரி வாசகி

அதே ஊர்தான். நார்வேஜியத்தில் ‘கி’ இந்த இடத்தில் கிட்டத்தட்ட ‘ஷி’ ஆகிவிடும். ‘கிர்கெனெஸ்’ என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தால் வாசல் மூடிவிடும்.